புகுந்த வீட்டில் பேரெடுத்த விமானம்

1958 ஆகஸ்ட்டில் ஏடனில் மூன்று விமானங்களுக்குள் ஒரு போட்டி நடந்தது. வயதாகிப்போன வெனம் விமானங்களைக் கழித்துவிட்டு, வெயிலும் புழுதியும் மலையுமான அந்தக் காலனியில் தரைத்தாக்குதலுக்கு எதை நிறுத்துவது என்று பிரிட்டிஷ் விமானப்படை முடிவெடுக்க வேண்டியிருந்தது. களத்தில் நின்றவை ஹாக்கர் ஹன்டர், ஜெட் ப்ரோவோஸ்ட், ஃபாலண்ட் நேட். ஹன்டர் ஜெயித்தது. நேட்டை ஒற்றை இருக்கைப் போர் விமானமாகத் தன் படையில் சேர்க்கும் ஆசை பிரிட்டனுக்கு முன்பே அவ்வளவாக இல்லை. ஏடனுக்குப் பிறகு அந்தப் பேச்சே அடங்கிப்போனது.

அதே ஆண்டில்தான் முதல் நேட் விமானங்கள் சி-119 சரக்கு விமானத்தின் வயிற்றுக்குள் ஏறி இந்தியா வந்து சேர்ந்தன. ஒரு போர் விமானத்தை இன்னொரு விமானத்துக்குள் வைத்து அனுப்ப முடிந்தது என்பதே அதன் உருவத்தைச் சொல்லிவிடும்.

இந்திய விமானப்படையின் பழைய ஆட்களிடம் நேட் என்று சொன்னால் 'சேபர் ஸ்லேயர்' என்ற பட்டம்தான் முதலில் வரும். அமெரிக்கச் சேபர் விமானங்களைச் சாய்த்த விமானம். பட்டம் பொய்யில்லை. ஆனால் அதன் வெளிச்சத்தில் மட்டும் பார்த்தால் பெங்களூர்ப் பட்டறையில் நடந்தது கண்ணில் படாது. விமானிகள் அந்த விமானத்தோடு பட்ட பாடும் தெரியாது. பிறந்த வீட்டில் விலைபோகாத ஒன்று புகுந்த வீட்டில் எப்படிப் பேரெடுத்தது, அந்தப் பேருக்கு என்ன கொடுக்க வேண்டியிருந்தது என்று பார்ப்பதுதான் எனக்கு முக்கியமாகப்படுகிறது.

நேட்டை வரைந்தவர் டபிள்யூ.இ.டபிள்யூ. பெட்டர். லைசாண்டரும் கேன்பெரா குண்டுவீச்சு விமானமும் அவர் கைவண்ணம்தான். அந்தக் கேன்பெரா இந்தியாவில் 2007 வரை பறந்தது. இங்கிலிஷ் எலெக்ட்ரிக் நிறுவனத்தோடு ஒத்துப்போகாமல் 1950இல் வெளியேறி, சவுத்ஹாம்ப்டன் அருகே ஹேம்பிளில் இருந்த ஃபாலண்ட் என்ற சிறிய நிறுவனத்தில் சேர்ந்தார். அவருக்கு ஒரு கோபம் இருந்தது. போர் விமானங்கள் ஆண்டுக்கு ஆண்டு ஊதிக்கொண்டே போகின்றன என்ற கோபம்.

கணக்கு எளிது. ஒரு கருவியைக் கூடுதலாகப் பொருத்தினால் எடை கூடும். எடை கூடினால் இறக்கை பெரிதாக வேண்டும். பெரிய இறக்கையை இழுக்கப் பெரிய எஞ்சின், அந்த எஞ்சின் குடிக்க அதிக எரிபொருள், எரிபொருளுக்குப் பெரிய தொட்டி, தொட்டிக்குப் பெரிய உடல். நூறு கிலோ கருவிக்காக விமானம் பல நூறு கிலோ பெருத்துவிடும். இதையே திருப்பிப் போட்டால் என்ன என்று பெட்டர் கேட்டார். ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டே வந்தால் எடை அதே வேகத்தில் சரியும். விலையும் கூடவே சரியும். பெரிய தொழிற்சாலையும் விசேஷக் கருவிகளும் இல்லாத நாடுகள்கூட அதைக் கட்டிக்கொள்ளலாம். ஹன்டர் போன்ற ஒன்றைக் கட்ட ஆகும் ஆள்-மணியில் ஐந்தில் ஒரு பங்கு போதும் என்று நிறுவனம் சொல்லிக்கொண்டது. விற்பவர் வாய்ச்சொல் என்பதால் அதைக் கொஞ்சம் தள்ளுபடி செய்தே எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனாலும் திசை சரிதான்.

முன்னோட்ட விமானமான மிட்ஜ் 1954 ஆகஸ்ட் 11இலும், உண்மையான நேட் 1955 ஜூலை 18இலும் முதன்முதலாகப் பறந்தன. மிட்ஜ் என்றாலும் நேட் என்றாலும் ஆங்கிலத்தில் கொசுவுக்கு ஒன்றுவிட்ட உறவான பூச்சிகள். அதே 1955 செப்டம்பரில், வாங்கும் எண்ணத்தோடு ஓட்டிப் பார்க்க வந்த சுவிட்சர்லாந்து விமானி ஒருவர் மிட்ஜ் விழுந்து இறந்தார். சுவிட்சர்லாந்து பிறகு நேட்டை வாங்கவில்லை.

ஒரு நேட்டைச் சுற்றி நடந்து பார்க்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். இறக்கையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு 6.7 மீட்டர், பெரிய எட்டாக ஏழெட்டு வைத்தால் தாண்டிவிடலாம். நீளம் ஒன்பது மீட்டருக்குள். நம்மூர் அரசுப் பேருந்தின் நீளம்கூட வராது. வெற்று எடை சுமார் 2,200 கிலோ. பாகிஸ்தான் வைத்திருந்த எஃப்-86 சேபரின் வெற்று எடையில் பாதிகூட இல்லை. காற்று உள்ளே போகும் வாய்கள் இரண்டும் விமானியின் இரு தோள்களுக்கு அருகே. அந்த வாய்களின் ஓரத்திலேயே ஆளுக்கொன்றாக 30 மில்லிமீட்டர் ஏடன் பீரங்கிகள். (பீரங்கியின் பெயருக்கும் முன்னே சொன்ன ஊருக்கும் சம்பந்தமில்லை.) கீழே குனிந்தால் சக்கரங்களை மூடும் கதவுகள் தெரியும். வேகத்தடைக்கென்று தனிப் பலகைகள் எதுவும் இல்லை. நடுவானில் வேகத்தைக் குறைக்க வேண்டுமென்றால் சக்கரங்களைப் பாதி இறக்கி, அந்தக் கதவுகளையே காற்றுக்குக் குறுக்கே நீட்ட வேண்டியதுதான். ஒரு பொருளுக்கு இரண்டு வேலை. சிக்கனமான குடும்பத் தலைவியின் புத்தி அந்த வரைபடம் முழுக்க ஓடுகிறது.

உள்ளே பிரிஸ்டல் ஆர்ஃபியஸ் ஜெட் எஞ்சின். நேட் முழுச் சுமையோடு நிற்கும்போதும் அதன் எடையில் பாதிக்கு மேல் உந்துவிசை உண்டு. சேபருக்கு அது ஐந்தில் இரண்டு பங்கு அளவில்தான். அதனால்தான் மேலே ஏறுவதிலும் சட்டென்று வேகம் பிடிப்பதிலும் நேட் முந்தியது. எதிரி விமானிக்கு அதைவிடப் பெரிய தொல்லை, நேட்டைக் கண்ணால் பிடிப்பது. ஏவுகணை அரிதாக இருந்த காலத்தில் முதலில் பார்த்தவனுக்கே பாதி வெற்றி.

ஃபின்லாந்து 13 விமானங்கள் வாங்கியது. 1958 ஜூலையில் லௌரி பெகுரி என்ற ஃபின்லாந்து விமானி நேட்டில்தான் ஒலியின் வேகத்தைத் தாண்டினார். அந்த நாட்டு விமானப்படையில் அதுவே முதல் முறை. யூகோஸ்லாவியா இரண்டு வாங்கிப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டது. பிரிட்டன் இரண்டு இருக்கை வைத்த பயிற்சி நேட்டை மட்டும் 105 வாங்கியது. 1965 முதல் 1979 வரை ரெட் ஆரோஸ் சாகசக் குழு பறந்தது அதில்தான். 1991இல் வந்த 'ஹாட் ஷாட்ஸ்' என்ற கேலிப்படத்தில் அமெரிக்கக் கடற்படை விமானமாக வேஷம் கட்டி நடித்ததும் நேட்தான்.

மிச்சமிருந்த பெரிய வாடிக்கையாளர் இந்தியா. 1954இல் பாகிஸ்தானும் அமெரிக்காவும் ராணுவ உதவி ஒப்பந்தம் செய்துகொண்ட பிறகு சேபர்கள் கராச்சிக்கு வரத் தொடங்கின. டெல்லி பிரான்ஸிடம் மிஸ்டேரையும் பிரிட்டனிடம் ஹன்டரையும் கேன்பெராவையும் வாங்கியது. அந்த வரிசையில் நேட்டின் கதை மட்டும் வேறு. 1956 செப்டம்பரில் போட்ட ஒப்பந்தத்தில் முழு விமானங்களும் பாகங்களாக வரும் தொகுதிகளும் இருந்தன. அதோடு விமானத்தையும் எஞ்சினையும் இங்கேயே செய்துகொள்ளும் உரிமமும் இருந்தது. விமானங்கள் இருபது ஆண்டில் தேய்ந்துபோயின. உரிமம் அதைவிட நீண்ட நாள் உழைத்தது.

பெங்களூரின் இந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் தொழிற்சாலைக்கு உரிமத் தயாரிப்பு புதிதில்லை. வேம்பயர் ஜெட்டைக் கட்டிய அனுபவம் உண்டு. ஜெட் எஞ்சின் செய்வதுதான் புதிது. 1957இல் ஆர்ஃபியஸுக்காகவே அங்கே எஞ்சின் பிரிவு தொடங்கப்பட்டது. பாகங்களைப் பூட்டிச் செய்த முதல் நேட் 1959 நவம்பரில் பறந்தது. 1960 மார்ச்சில் 23ஆம் ஸ்குவாட்ரன் வேம்பயரை விட்டுவிட்டு நேட்டுக்கு மாறியது. 1974 ஜனவரி கடைசியில் இறுதி நேட் தொழிற்சாலை வாசலைத் தாண்டியபோது பெங்களூரின் கணக்கு நூற்றெழுபதைத் தாண்டியிருந்தது.

1965 செப்டம்பர் 1 அன்று ஜம்மு எல்லையை ஒட்டிய சம்ப் பகுதியில் பாகிஸ்தான் டாங்கிகள் உள்ளே வந்தன. அவற்றைத் தடுக்க அனுப்பிய பழைய வேம்பயர்களில் நான்கு அன்று மாலையே போயின. இரண்டாம் தேதி 23ஆம் ஸ்குவாட்ரனின் நேட்கள் பதான்கோட்டுக்கு வந்தன. அங்கே ஜானி கிரீன் என்ற விமானி ஒரு பொறி வைத்தார். மிஸ்டேர்கள் பாகிஸ்தான் ரேடாரின் கண்ணில் படும் உயரத்தில் போக வேண்டும். நேட்கள் மரங்களை உரசுவது போல் கீழே ஒட்டிப் பின்தொடர வேண்டும். மீனுக்குப் புழு போல மிஸ்டேர். சேபர்கள் வந்ததும் மிஸ்டேர்கள் விலகிவிட, நேட்கள் கீழிருந்து செங்குத்தாக ஏறும். மூன்றாம் தேதி காலையில் இந்தப் பொறியில் சேபர்கள் வந்து விழுந்தன. ஸ்குவாட்ரன் லீடர் ட்ரெவர் கீலர் ஒன்றின் பின்னால் போய்ச் சுட்டார். அவருக்கு வீர சக்ரா கிடைத்தது. அதே மாதம் 19ஆம் தேதி அவருடைய அண்ணன் டென்சில் இன்னொரு சேபரை வீழ்த்தி அதே விருதைப் பெற்றார்.

இங்கே கொஞ்சம் நிதானிக்க வேண்டும். ட்ரெவர் சுட்ட சேபர் விழவில்லை என்பது பாகிஸ்தானின் பதிவு. அதன் விமானி யூசுஃப் அலி கான் சேதமான வாலோடு தளம் திரும்பிவிட்டார் என்கிறது அது. பின்னால் வந்த ஆராய்ச்சியாளர்கள், இந்தியர்கள் உட்பட, பெரும்பாலும் இதை ஏற்றுக்கொள்கிறார்கள். அந்தப் போரில் நேட்கள் ஏழு சேபர்களை வீழ்த்தின என்பது இந்தியத் தரப்புக் கணக்கு. எதிர்த்தரப்புக் கணக்கு அதைவிடக் குறைவு. வான்சண்டையில் எண்ணிக்கை பெருகுவது எல்லா நாட்டிலும் நடப்பதுதான். புகை கக்கிக்கொண்டு சாயும் விமானத்தைப் பார்த்தவர், அது பத்து நிமிடம் கழித்து இறங்கியதைப் பார்க்க மாட்டார். எண் எதுவாக இருந்தாலும் ஒன்று நிச்சயம்: அந்த செப்டம்பருக்குப் பிறகு சேபர் விமானிகள் நேட்டை மதித்தார்கள். வேம்பயர்களை இழந்த படைக்கு அந்த வாரத்தில் அது பெரிய தெம்பு.

ஆனால் அதே சண்டைகளில்தான் குறைகளும் பல்லிளித்தன. பீரங்கிக்கு 115 குண்டுகள். ஏடன் பீரங்கி நிமிடத்துக்கு 1,200 குண்டுக்கு மேல் கக்கும். கணக்குப் போட்டால் விசையைத் தொடர்ந்து அழுத்திப் பிடித்தால் ஐந்தாறு விநாடியில் இருப்பு காலி. அந்த ஐந்தாறு விநாடியும் முழுசாகக் கிடைக்கவில்லை. பீரங்கி அடிக்கடி சிக்கிக்கொண்டது. சேபரின் வாலுக்குப் பின்னால் கச்சிதமாகப் போய் நின்று, விசையை அழுத்தி, ஒன்றும் நடக்காமல் திரும்பிய விமானிகள் உண்டு. கிடைமட்ட வாலின் இயக்கமும் நம்பகமாக இல்லை. ஹைட்ராலிக் அழுத்தம் போய்விட்டால் வாலைப் பூட்டிவிட்டு, அதன் சிறு பகுதியை மட்டும் கையால் அசைத்து ஓட்ட வேண்டும். அதற்கான வரிசையை மறந்தால் உயிருக்கு ஆபத்து. எரிபொருளோ வீட்டுக்குப் போகும் அளவுக்குத்தான். குறைத்துக் குறைத்துக் கட்டியதன் மறுபக்கம் இது. பெட்டரின் சிக்கனத்துக்கு விமானிகள் தங்கள் உடம்பால் வட்டி கட்டினார்கள் என்று சொன்னால் மிகையாகாது.

அந்த மூன்றாம் தேதியே ஸ்குவாட்ரன் லீடர் பிரிஜ்பால் சிங் சிகந்தின் நேட் கூட்டத்திலிருந்து பிரிந்துபோனது. வழி தப்பி, எரிபொருள் தீரும் நிலையில், கண்ணில் பட்ட ஓர் ஓடுபாதையில் இறக்கினார். அது பாகிஸ்தானில் உள்ள பஸ்ரூர். தங்களுடைய ஸ்டார்ஃபைட்டர் விமானத்தைக் கண்டு பயந்து சரணடைந்தார் என்பது பாகிஸ்தான் சொல்லும் கதை. இந்தக் கதைக்குத் திரும்பி வருகிறேன்.

1965இல் அமெரிக்கா இரு நாடுகளுக்கும் ஆயுதம் தருவதை நிறுத்தியது. பிரிட்டனும் இந்தியாவுக்கு அனுப்புவதை நிறுத்திவைத்தது. சேபருக்கு உதிரிபாகம் தேடி பாகிஸ்தான் அலைய வேண்டியிருந்தது. மேற்கு ஜெர்மனி கழித்துக்கட்டிய, கனடாவில் செய்த 90 சேபர்களை ஈரான் வழியாகச் சுற்றி வரவழைத்தது. நேட்டைக் கட்டும் அச்சும் சட்டமும் பெங்களூரிலேயே இருந்தன. உரிமம் என்றால் எல்லாம் உள்ளூரிலேயே கிடைத்துவிடும் என்று பொருளில்லை. தடை பல ஆண்டு நீடித்திருந்தால் நமக்கும் மூச்சு முட்டியிருக்கும். ஆனாலும் வீழ்ந்த விமானத்துக்கு மாற்றுச் செய்யும் பட்டறை சொந்த மண்ணில் இருப்பது, யுத்த காலத்தில் ஏழு சேபர்களைவிடப் பெரிய பலம் என்றே நினைக்கிறேன்.

ஈரான் சுற்றி வந்த அந்த சேபர்களோடுதான் 1971இல் மறுபடி மோதல். நவம்பர் 22, போர் அறிவிப்புக்குப் பதினொரு நாள் முன்பு, கிழக்கே பொய்ரா என்ற இடத்தில். கரீப்பூரில் இந்தியப் படையையும் வங்கதேச விடுதலைக்குப் போராடிய முக்தி பாஹினியையும் சேபர்கள் காலையிலிருந்து தாக்கிக்கொண்டிருந்தன. கொல்கத்தாவின் டம்டம் விமான நிலையத்தில் காத்திருந்த 22ஆம் ஸ்குவாட்ரன் நேட்கள் இருமுறை பறந்து போய்ச் சேர்வதற்குள் சேபர்கள் திரும்பிவிட்டன. மூன்றாம் முறை, பிற்பகல் மூன்று மணியை ஒட்டி, பிடித்துவிட்டார்கள். மேஸி, சோரேஸ், கணபதி, லாசரஸ் என நால்வர். சில நிமிடங்களில் முடிந்துபோன சண்டை. மூன்று சேபர் என்கிறது இந்தியா. இரண்டுதான், மூன்றாவது அடிபட்டுத் திரும்பியது என்கிறது பாகிஸ்தான். நேட் நான்கும் முழுசாகத் திரும்பின. இந்த முறை பீரங்கிகளும் பேசின.

பாராசூட்டில் குதித்துச் சிறைப்பட்ட சேபர் விமானிகள் இருவரில் ஒருவர் பர்வேஸ் மெஹ்தி குரேஷி. 1997இல் அவர் பாகிஸ்தான் விமானப்படையின் தலைமைத் தளபதியானார். அன்று அவரைச் சுட்ட லாசரஸ் வாழ்த்துக் கடிதம் எழுதினார், பதிலும் வந்தது.

1971இன் இன்னொரு காட்சி ஸ்ரீநகரில். 1948ஐ ஒட்டிய போர்நிறுத்த ஏற்பாட்டின்படி அங்கே போர் விமானங்களை நிரந்தரமாக நிறுத்த முடியாது; போர் மூளும்போதுதான் 18ஆம் ஸ்குவாட்ரனின் ஒரு பகுதி போய் இறங்கியது. டிசம்பர் 14 காலை பெஷாவரிலிருந்து வந்த ஆறு சேபர்கள் ஓடுபாதையைக் குண்டு வீசித் தாக்கின. குண்டுகள் விழுந்துகொண்டிருக்கும்போதே ஃபிளையிங் ஆபீசர் நிர்மல்ஜித் சிங் சேகோன் மேலெழுந்தார். இன்னொரு நேட்டில் முன்னே கிளம்பிய கும்மன் புழுதியிலும் மூட்டத்திலும் இவரைத் தவறவிட்டார். பல சேபர்களுக்கு நடுவே ஒற்றை நேட். சிலவற்றைத் துரத்திச் சுட்ட பிறகு அடிபட்டது. மிகத் தாழ்வாக இருந்ததால் வெளியே குதிக்க முயன்றும் பிழைக்கவில்லை. விமானத்தின் சிதைவு ஒரு மலையிடுக்கில் கிடைத்தது. உடல் கிடைக்கவே இல்லை. பரம்வீர் சக்ரா பெற்ற விமானப்படை வீரர் இன்றுவரை அவர் ஒருவர்தான். அவரை வீழ்த்திய சேபர் விமானி சலீம் பெய்க் மிர்ஸா பின்னாளில் அந்தச் சண்டையை எழுதியபோது சேகோனின் திறமையை வாய்விட்டுப் பாராட்டியிருக்கிறார். சேகோனின் 18ஆம் ஸ்குவாட்ரன் இடையில் கலைக்கப்பட்டு, 2020 மே 27 அன்று கோவையை அடுத்த சூலூரில் தேஜஸ் விமானங்களோடு மறுபடி உயிர்பெற்றது. அளவில் சிறிய, பெங்களூரில் கட்டிய விமானம்தான் அதற்கு இந்த முறையும்.

1971க்குப் பிறகு நேட்டைச் சீர்திருத்தும் வேலை தொடங்கியது. அதன் பெயர் அஜீத். வெல்லப்படாதவன் என்று பொருள், நடிகரை நினைக்க வேண்டாம். நேட் தூரம் போக வேண்டுமானால் இறக்கைக்கடியில் எரிபொருள் தொட்டியைத் தொங்கவிட வேண்டும். தொட்டி தொங்கினால் குண்டுக்கு இடமில்லை. அஜீத்தில் இறக்கைக்குள்ளேயே எரிபொருளை ஊற்றி, அடியில் நான்கு கொக்கிகளை விட்டார்கள். இருக்கையும் ஹைட்ராலிக்கும் வாலின் இயக்கமும் திருத்தப்பட்டன. முதல் முன்மாதிரி 1975இல் பறந்தது. 79 விமானங்கள் செய்தார்கள். 1991இல் கடைசி ஸ்குவாட்ரன் கலைந்தது. பத்து ஆண்டு தாமதம் என்றுதான் சொல்ல வேண்டும். மிக்-21 வந்து நிலைத்துவிட்ட வானில், நேர்ப் பறப்பில் ஒலிக்குக் கீழே ஓடும் துப்பாக்கி விமானத்துக்கு வேலை குறைவு. இவ்வளவு இறுக்கமாகக் கட்டிய உடம்பில் ரேடாரையோ ஏவுகணையையோ நுழைக்க இடமே இல்லை. பெட்டர் ஒதுக்கித்தள்ளிய அந்த நூறு கிலோதான் கடைசியில் தேவைப்பட்டது.

எஞ்சின் அதைவிட அதிர்ஷ்டசாலி. குர்ட் டாங்க் வடிவமைத்த மாருத் போர் விமானத்தில் பெங்களூர் ஆர்ஃபியஸ் இரண்டு பொருத்தப்பட்டது. அங்கே அதன் விசை போதவில்லை, கூடுதல் விசைக்கான வடிவத்தை உருவாக்கப் பணம் ஒதுக்காததால் மாருத் கடைசிவரை ஏங்கியே பறந்தது. பிறகு கிரண் பயிற்சி விமானத்தின் இரண்டாம் வடிவத்துக்கு அதே ஆர்ஃபியஸ் போனது. 1996இல் பீதரில் உருவான சூர்யகிரண் சாகசக் குழு பறந்தது அந்தக் கிரணில்தான். பெட்டருக்கு இது தெரியாது. அவர் 1959 முடிவிலேயே விமானத் தொழிலை உதறி, குடும்பத்தோடு சுவிட்சர்லாந்தில் ஓர் ஆன்மிகக் குழுவில் சேர்ந்து, 1968இல் பிரான்ஸில் இறந்தார்.

பஸ்ரூரில் இறங்கிய சிகந்த் போருக்குப் பின் விடுதலையாகித் திரும்பி, ஏர் மார்ஷல் பதவி வரை உயர்ந்தார். அவருடைய நேட் திரும்பவில்லை. இங்கிலாந்தில் நேட் ஓட்டிப் பழகியிருந்த பாகிஸ்தான் விமானி சாத் ஹத்மி அதைப் பஸ்ரூரிலிருந்து எடுத்துப் பறந்தார். இப்போது கராச்சியில், பாகிஸ்தான் விமானப்படை அருங்காட்சியகத்தில் அது பார்வைக்கு நிற்கிறது. சேபர்களும் அதே வளாகத்தில்தான் நிற்கின்றன.